மருமகள் மூக்குக்கு ஆகாத தண்ணீர்

கீழக்கரை

அன்பு மகன் சஃபீருக்கு உம்மாவின் சலாமும் துஆவும். இங்கே நானும் வாப்பாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். அங்கே உன் சுகமும், பேத்தி யும்னாவின் சுகமும், முக்கியமாக மருமகள் ஹுமைராவின் மூக்கின் சுகமும் அறிய ஆவல். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் பாதியைக் கேட்டுவிட்டுக் கட்டைவிரல் படம் அனுப்புகிறாய், அதனால் எழுதி, துபாய்க்குப் புறப்படும் காஜா நவாஸ் கையில் கொடுத்துவிடுகிறேன், முழுதும் படி.

நீங்கள் லீவுக்கு வருகிறீர்கள் என்று மாடிக் குளியலறையைக் கழுவப் போனபோது குழாயில் அழுகிய முட்டை வாடை வந்தது, தெரியாத்தனமாக அதை உன்னிடம் போனில் சொல்லிவிட்டேன். உடனே நீ, ஹுமைராவுக்கு ஒத்துக்காது, ராமநாதபுரத்தில் லாட்ஜ் போட்டுத் தங்கிக்கொண்டு பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகிறோம் என்றாய். ரொம்ப சந்தோஷம். பெற்றவர்களைப் பார்க்கும் நேரம் எது என்று சொல்லிவிட்டால் நாங்களும் தலை சீவி உட்கார்ந்திருப்போம். வாப்பா சும்மா இருப்பாரா, மொட்டைமாடித் தொட்டிக்குள் இறங்கித் தேய்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாடை அப்படியே இருந்தது. அதே தொட்டித் தண்ணீர்தானே கீழேயும் வருகிறது, கீழே நாறவில்லையே என்று கேட்டேன், நம்ம மூக்கு செத்துப்போச்சு என்றார். பிறகு மருமகளுக்காக, போன தடவை நீ கொண்டுவந்த ஊது அத்தரைத் தொட்டியிலேயே கவிழ்த்துவிட்டார். அன்றைக்குச் சோறு, மீன் ஆணம், தேத்தண்ணி எல்லாம் கல்யாண வீடு மாதிரி மணத்தன. அதே தண்ணீரில் முகம் கைகால் கழுவி ஒளுச் செய்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனவரிடம் வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டார்களாம். மாடிக் குழாய் மட்டும் அத்தருக்கும் அசையவில்லை.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. வெந்நீர்ப் பக்கமே நின்றிருந்த குழாய்க் கைப்பிடியைப் பச்சைத்தண்ணீர்ப் பக்கம் திருப்பினேன், அத்தர் மணந்தது. வெந்நீர்ப் பக்கம் திருப்பினேன், குடலைப் பிடுங்கியது. ஹுமைரா தலைக்குக் குளிக்க என்று நீ மாட்டிய ஹீட்டர்தான். புறப்படும்போது வாசலில் நின்று, "உம்மா, நாங்க வாற வரைக்கும் அத யாரும் தொட்றாதீங்க" என்றாய். உன் சொல்லை வாப்பா தட்டுவாரா, சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார். இரண்டு நோன்புப் பெருநாள் போயும் நீ வரவில்லை, தண்ணீர் உள்ளேயே கிடந்து கெட்டுவிட்டது. நீ பயந்து ஓடுவது ஊர்த் தண்ணீருக்கு இல்லை மகனே, நீ விட்டுப்போன தண்ணீருக்கு.

பிளாஸ்திரியைப் பிய்த்து, நன்றாகக் கொதிக்கவிட்டு, வாளி வாளியாகத் திறந்துவிட்டேன், வாடை போய்விட்டது. மறுபடி தேங்கிவிடக் கூடாது என்று வாப்பா இந்தச் சித்திரை வெயிலில் தினமும் மாடியேறி வெந்நீரில் குளித்துவிட்டு வேர்த்து விறுவிறுத்து இறங்குகிறார். நீ லாட்ஜ் என்று சொன்ன அன்று அவர் சாப்பிடவில்லை. எனக்கும் மனசு கசந்துபோய்விட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மூவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும், அந்த லாட்ஜ்காரருக்கு வேறு ஆள் கிடைக்கட்டும். யும்னாவுக்கு என் முத்தம். மறக்காமல் அறையை ரத்து செய். நீ வந்து அந்தக் குளியலறையைக் கேட்டு வாங்கினால்தான் உன் வாப்பா பச்சைத்தண்ணீரில் குளிப்பார்.

இப்படிக்கு,
உன் உம்மா
நூர் நிஷா