கடைசி யாத்திரிகரின் கொம்பு

மார்ச் 4, 1940, திங்கள்
கார்ட்டூன் தாள்களில் வண்ணம் பூசுவது என் வேலை. பூசி மெழுகுவது என் திறமை. இன்றைக்கு மலைப்பேய்க்குச் சாம்பல் நிறம், நூற்றுப்பத்து கண்ணாடித் தாள். எங்கள் கார்ட்டூன் படத்தில் முதல் பாதி முழுக்கப் பேய்க்கூத்து, வாத்தியக்குழு இடியாய் முழங்கும். மாதா கோயில் மணி அடித்ததும் பேய் சுருண்டுவிடும். பிறகு யாத்திரிகர்கள் விளக்கேந்திக் காட்டைக் கடப்பார்கள்.

பூசிய தாளைச் சரிபார்ப்பவள் எல்வீரா. பேய்த்தாளைத் தொடுமுன் சிலுவை போட்டுக்கொள்வாள்.

"பேயை ரெண்டு தடவை பாக்கணும்டி நெட்டி. சாமி பக்கம் ஒரு தடவை போதும்."

"அந்தப் பேய் உனக்கு மாமன் முறையா?"

"வாயைக் கழுவுடி."

மார்ச் 6
யாத்திரிகர் வரிசை ஒரே நீளத் தாள். கடைசி ஆளின் முக்காட்டில் இரண்டு குட்டிக் கொம்பு வைத்தேன். நாளைக்கு எல்வீரா அலறுவாள்!

மார்ச் 7
அலறவில்லை. ஒரே பார்வை, மூலையில் கையெழுத்து. தாள் கேமரா அறைக்குப் போய்விட்டது. கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சிரிப்பை அடக்குவதிலேயே இருந்துவிட்டேன்.

மார்ச் 11
படப்பிடிப்பு வெள்ளிக்கிழமையே தொடங்கிவிட்டது. கேமராக்காரர் ஹேகன் தாளை நூலளவு நகர்த்துவார், ஒரு படம் எடுப்பார், மறுபடி நூலளவு. மொத்தம் ஆறு நாள். நடுவில் ஆடினால் முதலிலிருந்து. கதவில் 'தும்மாதே' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.

திரையில் கொம்பு தெரிந்தால்? கையெழுத்து எல்வீராவுடையது. போன மாதம் ஒரு சட்டைப் பொத்தான் நிறம் மாறியதற்கே ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பினார்கள். எல்வீராவின் சம்பளத்தில் நாலு தம்பிகள் சாப்பிடுகிறார்கள். அட நெட்டி, என்னடி பண்ணி வச்சிருக்கே?

மார்ச் 13
எல்வீராவோடு கோயிலுக்குப் போனேன். நான்!

"என்ன வேண்டிக்கிட்டே?" என்றாள்.

"உனக்கு நல்ல கண்பார்வை."

உண்மையில் வேண்டியது: எப்படியாவது அந்தப் படச்சுருள் வீணாகட்டும்.

மார்ச் 14
பகல் பதினொன்றேகாலுக்கு நிலம் குலுங்கியது. நாலே நொடி. எனக்கு ஒரு கிண்ணம் நீலம் கொட்டியது. ஹேகனுக்கு ஆறு நாள் கொட்டியது. சாயந்திரம் முடியவேண்டிய வேலை. படியில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, நின்று நின்று வீங்கிய காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். எனக்கு மட்டும் நிம்மதி.

அப்புறம்தான் பயம் வந்தது. என் வேண்டுதல் யார் காதில் விழுந்தது? கோயிலில் இருப்பவர் காதிலா, மலைமேல் இருப்பவன் காதிலா?

மார்ச் 15
கொம்பைச் சத்தமில்லாமல் சுரண்டிவிட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தக் கால்! இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன். வேண்டுதலையும் சேர்த்து.

ஹேகன் கொஞ்ச நேரம் முறைத்தார். "அப்போ பூமியை ஆட்டினதும் நீதானா? பெரிய ஆளும்மா நீ!" என்றார். பாதிச் சிரிப்பு.

எல்வீரா சிரிக்கவில்லை. தாளுக்குக் கை நீட்டினேன். தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கையெழுத்துப் போட்டவ நான். நானே அழிச்சுக்கறேன்."

மார்ச் 19
எல்வீரா என்னோடு பேசவில்லை. ஹேகன் மறுபடி நின்றுகொண்டிருக்கிறார். மதியம் அவருக்கு ஒரு முக்காலி கொண்டுபோய் வைத்தேன்.

மார்ச் 21
பேசவில்லை.

மார்ச் 25
சுருளைத் திரையிட்டுப் பார்த்தோம். கடைசி ஆள் வெறும் ஆள், கையில் விளக்கு.

மதியம் புதுத் தாள்கள் வந்தன. பேய்களை எல்வீரா ஒரே பார்வையில் அனுப்பிவிட்டாள். யாத்திரிகர்களை இரண்டு தடவை பார்த்தாள்.

"நெட்டி, இப்படி வாடி. நீ பூசினது எது? அதை மூணு தடவை பாக்கணும்."