கேரவனில் நீ குழாய் மாட்டிய வீடியோ

அன்பு மகன் பாலகுருவுக்கு அப்பா கார்மேகம் எழுதுறது. ஜெபல் அலியில நான் சுகம், ஊர்ல உங்கம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை, நீயும் சம்யுக்தாவும் சுகம்னு வீடியோவைப் பார்த்தே தெரிஞ்சுக்கிட்டேன். வாய்ஸ் போட்டா மருமக காதுல விழுந்துடும்னு நீதான் சொன்ன, அதான் காகிதத்துல எழுதி போட்டோ புடிச்சு அனுப்புறேன், அந்தப் புள்ளைக்குத் தமிழ் படிக்க வராதது உனக்கு வசதியாப் போச்சு. உன் மாமனார் உங்ககிட்ட இருந்து சென்னைக்குத் திரும்புற வழியில வெள்ளிக்கிழமை துபாய்ல இறங்குறாராம், அவரை நீங்க தங்குற லேபர் கேம்ப் பக்கம் விடாதீங்க, யார்கிட்டயாவது கார் வாங்கிட்டு ஹோட்டல்ல போய்ப் பாருங்க, வேலையைப் பத்தி வாயைத் திறக்காதீங்கன்னு நீ அனுப்பினதும் கிடைச்சுது.

நேஷனல் பார்க்குல பாறையைப் பார்க்க வாடகைக்கு கேரவன் எடுத்து, ஆறு நாள் அதுக்குள்ளயே படுத்து எந்திரிச்சு, எளிமையா வாழ்றோம்னு வீடியோவுக்குக் கீழே எழுதியிருக்கியே, நாங்க இங்க ஒரு ரூம்ல எட்டு பேர் படுக்கிறோம், எங்களை ஒருத்தனும் வீடியோ எடுக்கலை. அது கிடக்கட்டும், அந்த கக்கூஸ் டேங்க்கைக் குழியில வடிச்சு விட்டியே, அதைத்தான் நாலு தடவை பார்த்தேன். கையில ஊதா கிளவுஸ், வாயெல்லாம் பல்லு, மருமக கைதட்டுது, சம்பந்தி ரகுநாதன் சபாஷ் மாப்பிள்ளைங்கிறார். ஏண்டா, உங்கப்பன் பத்தொன்பது வருஷமா டேங்கர் ஓட்டிக்கிட்டு கேம்ப் கேம்ப்பா போய் இதே சாக்கடையைத்தானே உறிஞ்சுறேன், அதைக் கல்யாணத்துல டிரான்ஸ்போர்ட் மேனேஜர்னு சொல்லி வச்சவன் நீ. நீ செஞ்சா பிக்னிக், நான் செஞ்சா கேவலமா?

செஞ்சதையாவது உருப்படியா செஞ்சியா, குளிச்ச தண்ணியை முதல்ல திறந்துட்டு கக்கூஸ் தண்ணியைப் பின்னால திறக்கிற. மாத்திச் செய்யணும், அப்பத்தான் பின்னால வர்ற தண்ணி ஓஸ் குழாயைக் கழுவிக்கிட்டுப் போகும். என்கூட டேங்கர் ஓட்டுற கலீலுர் ரஹ்மான் பாய் பார்த்துட்டு, இந்தப் பையனை நம்ம கம்பெனியில முதல் நாளே கலாஸ், வேலை முடிஞ்சுதுன்னு சொல்லி அனுப்பிடுவாங்கன்னு சிரிச்சார். மூடியைத் திறக்கும்போது மூஞ்சியைக் குழிக்கு மேல நீட்டாதே, அந்தக் காத்து பொல்லாதது, இதைக் கிண்டலுக்குச் சொல்லலை.

நேத்து டூட்டி முடிஞ்சு வர்றப்ப சம்பந்தியே போன் பண்ணி, உங்க ஆபீஸ் எந்தப் பக்கம், நேரா அங்கேயே வந்துடுறேன்னார். எனக்குப் பொய் சொல்ல வரலை. ஆபீஸ் எதுவும் இல்லைங்க, நான் சாக்கடை டேங்கர் ஓட்டுறவன், உங்க மாப்பிள்ளை வடிச்சாரே அதே சரக்குதான்னு சொல்லிட்டேன். அவர் மெதுவா, "அப்ப மாப்பிள்ளைக்கு நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்களா?"ன்னு கேட்டார். அந்த ஒரு நிமிஷம் எனக்கு வெட்கமாப் போச்சுடா, என் வேலையை நினைச்சு இல்லை. "இல்லைங்க, அதை எப்படிச் செய்யிறீங்கன்னு அவன் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை"ன்னேன்.

வெள்ளிக்கிழமை அவர் கேம்ப்புக்கே வர்றார், நம்ம ரூம்லதான் சாப்பாடு. நீயும் மருமகளும் ஒரு குறையுமில்லாம நல்லா இருக்கணும், மலைப்பக்கம் பார்த்து ஓட்டு, ஞாயித்துக்கிழமை அம்மாவுக்கு போன் போட மறந்துடாதே. சம்யுக்தாகிட்ட எதுவும் சொல்ல வேண்டாம்னு சம்பந்திகிட்ட வெள்ளிக்கிழமை வரைக்கும் தவணை கேட்டிருக்கேன், அதுக்குள்ள நீயே உன் வாயால சொல்லிடு.

இப்படிக்கு,
உன் அப்பா,
கார்மேகம்