கோடு அழிந்த புல் அந்துப்பூச்சி

அன்பு மாப்பிள்ளை,

ராஜபாளையம் மில்லில் உன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். நான் அதே ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லூரியில், அதே விலங்கியல் ஆய்வக உதவியாளன்தான். என் தங்கை வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள், அந்த மட்டில் கவலைப்படாதே. உன்னிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

சேத்தூர் கண்மாய்க் கரையில் நீ பிடித்த புல் அந்துப்பூச்சியைப் பற்றித்தான். நெல்மணியைவிடக் கொஞ்சம் நீளம், வைக்கோல் நிறம். இறக்கையை உடம்போடு சுருட்டிப் புல் தண்டில் ஒட்டிக்கொண்டால் பூச்சி என்றே தெரியாது. முகத்துக்கு முன்னால் மூக்கு மாதிரி துருத்திக்கொண்டிருப்பதை வைத்துத்தான் நீ கண்டுபிடிப்பாய். இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் இனத்துக்கு முன்னிறக்கையில் ஒரு வெள்ளிக் கோடு உண்டு. உன் பூச்சிக்கு இல்லை. புது இனம் என்று நீ துள்ளினாய்.

ஆனால் அதற்கு முன்பே பூச்சி டப்பாவை மில்லுக்குள் கொண்டுபோய்த் திறந்து காட்டியிருக்கிறாய். உள்ளே பஞ்சுத்தூசி படிந்துவிட்டது. பஞ்சைக் கண்டால் உன் கை சும்மா இருக்குமா? மெஷினைத் துடைக்கிற மாதிரி பிரஷ்ஷால் துடைத்திருக்கிறாய். கோடாகத் தெரியும் இறக்கைச் செதில்கள் தொட்டாலே உதிர்ந்துவிடும்.

காதுகுத்து வீட்டில், எல்லாச் சொந்தக்காரர்களும் இருக்கும்போது, "கோட்ட நீயே தொடச்சு அழிச்சிட்டுப் புதுசுங்கிறியே மாப்ள" என்று சிரித்துவிட்டேன். நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாய். மூன்று வாரம் நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பிறகு ஷிப்டிலேயே நெஞ்சுவலியில் நீ போய்விட்டதாகப் போன் வந்தது. நான் முந்திப் பேசியிருந்தால் குறைந்தா போயிருப்பேன்?

கோடு இல்லாத பூச்சியின் இனத்தைச் சொல்ல எங்கள் ஆய்வகத்தில் ஒரே வழி, வால் நுனியை வெட்டி ஊறவைத்து, உள்ளிருக்கும் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தைப் பார்ப்பதுதான். இருப்பதோ ஒரே பூச்சி. புருஷன் தொட்டதை அறுக்கக் கூடாது என்று தங்கை டப்பாவைப் பூட்டி வைத்துக்கொண்டாள். போன வாரம் அவளே எடுத்து வந்தாள்.

"அறுத்துப் பாருங்கண்ணே. அவிய சொன்னது நெசமான்னு எனக்குத் தெரியணும்."

வால் நுனியை வெட்டி ஊறவைத்தேன். நான் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். மாப்பிள்ளை, அது பழைய இனமேதான்.

சீட்டில் எதையும் எழுதாமல் அப்படியே விட்டுவிடட்டுமா என்று அவளிடம் கேட்டேன்.

"தப்புன்னா தப்புன்னே எழுதுங்கண்ணே. பொய் எழுதுனா அவிய உங்கள சும்மா விடமாட்டாவ."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பொறுக்காமல் அழுதவன் நான்தான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் பார்த்தவர் பூச்சியின் ஊசியில் குத்திய பெயர்ச்சீட்டு தப்பென்றாலும் அதைக் கிழிக்க மாட்டோம். சரியான பெயரை இன்னொரு சீட்டில் எழுதி, அதே ஊசியில் கீழே சேர்ப்போம். 'புது இனம்' என்ற உன் கையெழுத்து அங்கேயே இருக்கிறது. அதன் கீழே என்னுடையது. நான் ஜெயித்துவிட்டேன், மாப்பிள்ளை. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

மழை விழுந்ததும் தங்கையைக் கூட்டிக்கொண்டு கண்மாய்க்குப் பூச்சி தேடப் போவேன். இனி ஒருவரிடமும், நான் சொன்னதுதான் சரி என்பதற்காகப் பேசாமல் இருக்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

முந்திப் பேசாமல் போன,
உன் மச்சான்