கம்ஃபர்டபிளுக்கு மூன்று தட்டு

ஜூன் 3, செவ்வாய்
பல் கிளினிக்கில் அம்மா இனிமேல் தரை துடைக்க வேண்டியிருக்காது. ரிசப்ஷன் அக்கா வேலையை விடுகிறாள். "வர்றவங்ககிட்ட நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசினா அந்த சீட் உனக்குத்தான்" என்றாராம் டாக்டர். திங்கட்கிழமை பேசிக் காட்டணும். முதல் கேள்வியே, ஆர் யூ கம்ஃபர்டபிள்?

"கம்ஃபர்ட்-டேபிள்" என்றாள்.

"அம்மா, அதுல டேபிளும் இல்ல, ஸ்டூலும் இல்ல. மூணே தட்டு. கம்ஃப். ட. பிள்." வாளியைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினேன்.

"சரிங்க டீச்சரம்மா."

ஜூன் 5
துணி பிழியும்போதும் கம்ஃப்-ட-பிள். மாடிப்படி ஏறும்போதும். வெஜ்டபிள்கூட வந்துவிட்டது. எனக்கு இவ்வளவு சீக்கிரம் எதுவும் வந்ததில்லை.

ஜூன் 6
"பையை டபிள் மேல வைக்காதேடி!"

செத்தேன். டேபிளையே நாடு கடத்திவிட்டாள்! "இன்னொரு தரம் சொல்லும்மா" என்றேன். சொன்னாள். நான் சிரிக்கிறேனே என்று அவளும் சிரித்துக்கொண்டே. செல்லில் பதிவு செய்து வகுப்பு குரூப்பில் போட்டேன். நாற்பத்தொரு சிரிப்பு முகம்.

ஜூன் 7
ரிசப்ஷன் அக்காவின் தம்பி என் வகுப்பு. நேற்று இது ஏன் என் மண்டையில் ஏறவில்லை?

"துடைச்சிட்டு இருந்தேன். டாக்டர் ரூம்லேர்ந்து என் குரல் கேட்டுச்சு. டாக்டரும் சிரிச்சாரு." அவ்வளவுதான் அம்மா சொன்னாள். திட்டவேயில்லை. ஒரு அறையாவது விட்டிருக்கலாம்ல?

ஜூன் 8
குரூப்பில் போட்டதை அழித்துவிட்டேன். அதற்குள் மூன்று குரூப் தாண்டிவிட்டது.

ஜூன் 9, திங்கள்
டாக்டர் கூப்பிட்டாராம். "எனக்கு வராதுங்க" என்று சொல்லிவிட்டு மாப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம்.

வரும்! என்னைவிட நல்லா வரும். காலையில்கூடக் குளியலறையில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள், சுத்தமாக — கதவுக்கு வெளியே நின்று நானே கேட்டேன்.

"ஏம்மா அப்படிச் சொன்னே?"

"சரியாவே சொன்னாலும் அதே குரல்லதானேடி சொல்லணும்."

ஜூன் 12
அந்த சீட்டுக்கு வேறு ஆள் வந்தாச்சு.

ஜூன் 20
பள்ளியில் பெற்றோர் கூட்டம். போன வருஷம் மிஸ்ஸைப் பேசவே விடாமல் என்னைப் பற்றி அரை மணி நேரம் புகார் வாசித்தவள் அம்மா. இன்று மிஸ் தமிழில்தான் கேட்டார்: "வீட்ல பொண்ணு எப்படிம்மா?"

அம்மா கைப்பையின் ஜிப்பைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "நீயே சொல்லிடுடி" என்றாள்.

மிஸ் காத்திருந்தார்.

"நல்ல பொண்ணுதான், மிஸ்" என்றேன்.