பட்டுவாடா நோட்டுக்கு அடியில் வைத்த தாள்

பாலக்கோடு,
14.6.2025

அன்பு மகள் ஜெயபிரியாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், புனேயில் மழை பிடித்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள், நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டு இதை ஆரம்பிக்கிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். இந்த வாரம் மூன்று முறை போன் போட்டேன், மூன்று முறையும் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்துவிட்டாய், நாலாவது முறை நான் போடவில்லை. அதோடு, காகிதத்தில் இல்லாத எதுவும் நடக்காததற்குச் சமம் என்று உங்கள் பாடத்தில் சொல்லிக்கொடுப்பதாகப் போன வருஷம் நீதான் சொன்னாய், அதனால் காகிதத்திலேயே எழுதுகிறேன்.

செவலை மாடு போன புதன்கிழமை கிடேரிக் கன்று போட்டது, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, இரண்டு நாளில் துள்ள ஆரம்பித்துவிட்டது. அம்மா எப்போதும் போல சீம்பாலை வெல்லம், ஏலக்காய் போட்டுக் காய்ச்சித் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கீழ்த்தெருவுக்குப் போனாள். உனக்கு நினைவிருக்கும், எந்த வீட்டில் மாடு கன்று போட்டாலும் சீம்பால் முதலில் ராமக்கா வீட்டுக்கும் நம் வீட்டுக்கும்தான் மாறி மாறிப் போகும், நீ சின்னப் பிள்ளையில் அவள் மடியில் உட்கார்ந்து தின்றிருக்கிறாய். இந்தத் தடவை ராமக்கா வாளியைக் கையில் வாங்கவே இல்லை. "இருக்கட்டுங்க, எங்க வூட்ல இப்ப யாரும் சாப்புடறதில்லீங்க" என்றாளாம். எத்தனை வருஷமாக உன் அம்மாவை சசி என்று கூப்பிட்டவள், ங்க போட்டுப் பேசியிருக்கிறாள். அதே தெருவில் அமுதவல்லி வீட்டில் கதவையே திறக்கவில்லை. அம்மா வாளியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து மாட்டுத் தொட்டியில் கொட்டினாள், அதற்குப் பிறகு கீழ்த்தெருப் பக்கம் போகவில்லை. இது ஏன் என்று உனக்குத் தெரியும், தெரியாதது போல இருக்கிறாய், அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

பி.பி.ஏ.வில் இ.எஸ்.ஜி. என்று ஒரு பாடம் எடுத்திருக்கிறேன் என்று போன வருஷம் லீவுக்கு வந்தபோது சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய். ஒரு கம்பெனி எவ்வளவு சம்பாதித்தது என்று மட்டும் பார்த்தால் போதாது, அது மண்ணையும் தண்ணீரையும் என்ன செய்கிறது, சுற்றி இருக்கிற மனுஷர்களை எப்படி நடத்துகிறது, உள்ளே நேர்மையாக நடக்கிறதா என்று கேட்க வேண்டும் என்றாய். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. வியாபாரம் படிக்கிற பிள்ளைக்கு இதையும் சேர்த்துச் சொல்லித்தருகிறார்களே என்று மறுநாள் பால் சொசைட்டியில் ஒருத்தர் விடாமல் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். நம் ஊர் மாங்கூழ் ஆலையையே ப்ராஜெக்டுக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று நீ சொன்னதும் கீழ்த்தெருப் பெண்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டார்கள். நமக்கு ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வருகிறது, அவர்களுக்கு மாட்டுக்கும் துணிக்கும் அந்தக் கிணறுதான், ஆலைக் கழிவு ஓடையில் இறங்குவதும் அந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில்தான். நம்ம பிள்ளை எழுதினால் யாராவது கேட்பார்கள் என்று நம்பினார்கள். இரண்டு நாள் வெயிலில் அவர்களோடு கிணற்று மேட்டில் உட்கார்ந்து நீ எழுதினாய், மோர் கொடுத்தார்கள், குடித்தாய்.

மூன்றாம் நாள் ஆலைக்குப் போய்விட்டு ஒரு கட்டு ஆங்கிலத் தாளோடு வந்தாய். எல்லாரிடமும் பேசினதுக்கு அத்தாட்சி அப்பா, கையெழுத்து மட்டும் வாங்கித் தந்துவிடுங்கள் என்றாய். மறுநாள் சொசைட்டியில் பால் பணம் பட்டுவாடா. பத்து நாளுக்கு ஒருமுறை நோட்டில் நான் விரல் வைத்துக் காட்டுகிற இடத்தில் அவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பார்கள், இருபத்தொரு வருஷமாக ஒருத்தரும் இது என்ன என்று கேட்டதில்லை. அந்த நோட்டுக்கு அடியில் உன் தாளை வைத்து, பாப்பா காலேஜுக்கு, இங்கேயும் ஒண்ணு போடுங்க என்றேன். போட்டார்கள். நாற்பத்தெட்டு பேர். கைநாட்டு வைத்தவர்களுக்குப் பக்கத்தில் பெயரை நான்தான் எழுதினேன். எனக்கு ஆங்கிலம் தெரியாது பாப்பா, உனக்குத் தெரியும்.

இந்த வருஷம் மாம்பழ சீசன் ஆரம்பித்ததும் நாற்றம் தாங்காமல் கீழ்த்தெருவிலிருந்து பதினோரு பெண்கள் ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு தர்மபுரிக்கு பஸ் ஏறி, திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். அடுத்த வாரம் ஓர் அதிகாரி ஊருக்கு வந்தார். ஆலைக்காரர்கள் ஒரு வழவழப்பான அறிக்கைப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் அதைப் புரட்டிவிட்டு, "நீங்களே பாதிப்பு ஒண்ணும் இல்லேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களேம்மா, இப்ப வந்து நாறுதுன்னா நான் எதை நம்பறது" என்று கேட்டார். நான் கூட்டத்தில்தான் நின்றேன். அந்தப் பக்கத்தில் ராமக்காவின் கட்டைவிரல் ரேகையும், பக்கத்தில் ராமக்கா, க/பெ மாயவன் என்று நான் எழுதிய எழுத்தும் இருந்தன. அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் என் எழுத்து எது என்று தெரியும். பட்டுவாடா நோட்டில் வருஷக்கணக்காகப் பார்த்த எழுத்து. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் புத்தகத்தில் ஒன்றை வாங்கிக்கொண்டு பாலக்கோடு டவுனில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற சவுரியப்பனிடம் போனேன், அவர் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து தமிழில் வாசித்துச் சொன்னார். உன் பெயர் போட்டிருக்கிறது, உன் ப்ராஜெக்டுக்கு முதல் பரிசு என்று போட்டிருக்கிறது. நாற்றம் என்ற சொல் எங்கேயும் இல்லை, நீர்ப் பயன்பாட்டில் மேம்படுத்துவதற்கான வாய்ப்புகள் இருக்கின்றன என்று இருக்கிறது. சவுரியப்பன் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, இதற்கு அர்த்தம் என்னங்க என்று என்னையே கேட்டார். நடுப்பக்கத்தில் உன் அம்மா படம். நம் வீட்டுக் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் பிடிக்கும்போது நீ சும்மா எடுத்த படம், உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருக்கிறாள். ஆலையின் தண்ணீர்த் திட்டத்தால் பயன்பெற்ற பெண் என்று கீழே எழுதியிருக்கிறார்கள். அதை அம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம், சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு உனக்குப் போன் போட்டேன். அது ஸ்டாண்டர்ட் ஃபார்மட் அப்பா, எல்லாக் கம்பெனியிலும் அப்படித்தான், ஆலை கொடுத்த தாளில் கையெழுத்து வாங்காவிட்டால் எனக்கு சர்டிபிகேட் தந்திருக்க மாட்டார்கள் என்றாய். அந்த சர்டிபிகேட்டைக் காட்டித்தான் இப்போது அடுத்த கம்பெனிகளுக்கெல்லாம் இதேபோல அறிக்கை எழுதிக்கொடுக்கிற வேலை உனக்குக் கிடைத்திருக்கிறது என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னாய். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நீ சின்ன வயசில் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். இப்போது சிவக்கிறதா என்று போனில் எப்படிப் பார்ப்பது. பாடம் நல்ல பாடம்தான் பாப்பா, நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். கேட்க வேண்டிய மூன்று கேள்வியையும் உனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பதிலை எப்படி மறைப்பது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் அம்மா உன் பள்ளிச் சான்றிதழ் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது அந்த நீல அட்டை நோட்டு அகப்பட்டது. கிணற்று மேட்டில் நீ தமிழில் எழுதியது, தேதி போட்டு, ஆள் பெயர் போட்டு. "மாம்பழ சீசன்ல கெணத்துத் தண்ணி புளிச்ச வாடை அடிக்குது, மாடு மோந்து பாத்துட்டு மொகத்தத் திருப்பிக்குது" என்று ராமக்கா சொன்னது அப்படியே இருக்கிறது, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாய். அமுதவல்லி பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்தது இருக்கிறது. முப்பத்தொரு பக்கம். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. முழுக்கப் படித்தேன். இதை எழுதினவளும் என் மகள்தானே என்று அழுகை வந்தது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

வருகிற இருபத்தாறாம் தேதி வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தாலுகா அலுவலகத்தில் விசாரணை. அந்தத் தாள் செல்லும் என்று ஆகிவிட்டால் மனு தள்ளுபடி, கிணறு அவ்வளவுதான். நான் போகிறேன். படிக்காத தாளில் ஊரைக் கையெழுத்துப் போட வைத்தது நான் என்று முதலில் சொல்வேன், சொன்னால் சொசைட்டி செயலாளர் வேலை போகும், போகட்டும். இப்போதே பட்டுவாடா அன்று வரிசை ரோடு வரைக்கும் நிற்கிறது, ஏனென்றால் ஒவ்வொருத்தரும் நோட்டில் இருப்பதை முழுக்க வாசித்துக் காட்டச் சொல்கிறார்கள். ராமக்கா என் வாயையே நம்பாமல் அமுதவல்லியை அழைத்துவந்து அவளை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கைநாட்டு வைக்கிறாள். அவள் செய்வது சரி. நீயும் வா. பெங்களூர் வரைக்கும் ரயிலில் வந்தால் அங்கிருந்து பஸ் இருக்கிறது. வந்து அந்த நோட்டை நீயே எழுந்து நின்று வாசி, எழுதினவள் வாசித்தால் கேட்பார்கள். புது வேலைக்கு இது ஆகாது என்று எனக்கும் தெரியும், தெரிந்துதான் கூப்பிடுகிறேன். வரவில்லை என்றால் நான் வாசிப்பேன். இது யார் எழுத்து என்று கேட்டால், அர்ச்சுனன் மகள் ஜெயபிரியா எழுத்து என்று சொல்வேன், பெயரை மறைக்க மாட்டேன்.

வெளியில் கண்ட தண்ணீரைக் குடிக்காதே, காய்ச்சிக் குடி. குடையை மறக்காதே. உனக்கு ஒரு குறையும் வராமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் தினம் விளக்கேற்றும்போது அம்மா வேண்டிக்கொள்கிறாள், நானும்தான். இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்த பிறகு பதில் சொல், பாதியில் மடித்து வைத்துவிடாதே. தபாலில் சேர்க்கும் முன் அம்மாவிடம் முழுக்க வாசித்துக் காட்டினேன். மூன்று இடத்தில் நிறுத்தச் சொன்னாள், கொஞ்ச நேரம் கழித்து மேலே வாசிக்கச் சொன்னாள். ஒரு வரியையும் அடிக்கச் சொல்லவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துதான் அவளும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

இப்படிக்கு
உன் அப்பா
மு. அர்ச்சுனன்

அ. சசிகலா