எட்டாயிரம் இருக்கைகளும் ஒரு கேட்சரும்

டேட்டன், ஒஹாயோ
4 நவம்பர் 1988

அன்புள்ள கான்ராட் அண்ணா,

உன் ரத்த அழுத்தமும் அண்ணியின் கோபமும் ஏறாமல் இருக்கின்றன என்று நம்புகிறேன். நீ அனுப்பிய செய்தித்தாள் துண்டு வந்து சேர்ந்தது. லாந்தர்ஸ் இந்த வருஷம் நூற்று நான்கு ஆட்டங்களில் தோற்றதைச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறாய். அணி என்னுடையது. தோல்வி எனக்குத் தெரியாமல் நடக்கவில்லை.

உனக்கு இதைவிடச் சுவையான செய்தி ஒன்று இருக்கிறது. மைதானம் நகரசபைக்குச் சொந்தம். மார்ச் முதல் தேதிக்குள் எட்டாயிரம் சீசன் டிக்கெட் விற்றால்தான் குத்தகையைப் புதுப்பிப்பார்களாம். போன வருஷம் விற்றது மூவாயிரத்து நூறு. விற்காவிட்டால் நீ சிபாரிசு செய்கிற அந்த ஃப்ளோரிடாக்காரரிடம் அணியை விற்க வேண்டியதுதான். அவர் அதை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். இந்த ஊருக்குப் பேஸ்பால் இருக்காது.

அப்பா உயிலில் மதுபான ஆலையையும் லூயிவில் கேப்டன்ஸ் அணியையும் உனக்கு எழுதினார், லாந்தர்ஸை எனக்கு எழுதினார். அன்றைக்கு நீ வக்கீலிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "பால் வற்றிப்போன பசு அவளுக்குப் போகட்டும். ஒரே வருஷத்துல வித்துடுவா பாருங்க." அந்த ஆபீஸின் சுவர்கள் மெல்லியவை அண்ணா. நான்கு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் விற்கவில்லை.

போனில் பேசினால் நமக்குச் சண்டை வருகிறது. கடிதமே போடு.

உன் தங்கை,
அகஸ்டா

---

லூயிவில், கென்டக்கி
15 நவம்பர் 1988

என் அருமை அகஸ்டாவுக்கு,

வக்கீல் ஆபீசில் யார் என்ன சொன்னார்கள் என்பதை இப்போது கிளற வேண்டாம். எனக்கு ஞாபகம் இல்லை.

நான் உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். நூற்று நான்கு தோல்வியைப் பார்க்க எட்டாயிரம் பேர் முன்பணம் கட்டுவார்களா? அவர்கள் ரசிகர்கள், துறவிகள் அல்ல. விற்றுவிட்டு நிம்மதியாக இரு. ஃப்ளோரிடாக்காரர் மரியாதையான மனுஷர்.

என் பாடு இந்த வருஷம் சுலபம். ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்று பந்து தடுக்க நல்ல ஆட்டக்காரன் ஒருவனை வாங்கப் போகிறேன். ரமிரோ வெர்காராவின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று பத்திரிகைகள் கூச்சல் போடுகின்றன. பந்து எறிந்தே இருபது ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்த இடதுகைப் பிட்சர், இந்தக் குளிர்காலத்தில் எல்லோருக்கும் அவன்மேல்தான் கண். ஆனால் ஆறு வருஷம் கேப்டன்ஸின் உப்பைத் தின்றவன் வேறு எங்கே போவான்? மூன்று வருஷத்துக்கு அறுபது லட்சம் டாலர் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். கிறிஸ்துமஸுக்குள் கையெழுத்துப் போடுவான்.

டிசம்பர் கூட்டத்துக்கு வருவாய் அல்லவா? எல்லா முதலாளிகளும் வருகிறார்கள். சாப்பாடு என் செலவு. விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் அகஸ்டா, வேறென்ன சொல்ல.

பாசமுள்ள அண்ணன்,
கான்ராட்

---

லூயிவில்
9 டிசம்பர் 1988

அன்பு அகஸ்டா,

ஊர் வந்து சேர்ந்தேன். இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

ஓட்டல் முன்கூடத்தில் இருபத்தாறு முதலாளிகள் பார்க்க என்னிடம் வந்து, "அண்ணா, அந்த நோவாக்கைக் குடேன்"னு கேட்டாயே, நீ விளையாடுகிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். டெல்பர்ட் நோவாக்குக்கு வயது முப்பத்தாறு. கேட்சர் என்று பந்து பிடிக்க மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தினால், எழும்போது முட்டி போடுகிற சத்தம் என் இருக்கை வரை கேட்கிறது. மட்டை பிடித்தால் கொசு விரட்டுகிறான். அவனுக்குப் பதிலாக நீ டெரில் ஹாப்பரைக் கொடுத்தாய்! இருபத்திரண்டு வயசு, காற்றாய் ஓடுகிறவன். நீ மனசு மாறுவதற்குள் மேஜையில் கிடந்த கைதுடைக்கும் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

நண்பர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "தங்கச்சிக்கு காய்ச்சலா கான்ராட், நெத்திய தொட்டுப் பாரு" என்றார் ஒருவர். கூடப்பிறந்தவளை ஏமாற்றிவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் உறுத்தியது. ஒரு நிமிஷம்தான்.

அணியைக் களத்தில் நடத்துகிற என் மேனேஜர்தான் செய்தி கேட்டதிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் கேட்காமல் செய்தேனாம். கேட்க வேண்டிய அவசியம் என்ன? அணி என்னுடையது.

அண்ணி தொத்திறைச்சி அனுப்பியிருக்கிறாள். பார்சல் வந்ததும் எழுது.

கான்ராட்

---

டேட்டன்
14 டிசம்பர் 1988

அன்புள்ள அண்ணா,

பார்சல் வந்தது. அண்ணிக்கு என் முத்தங்கள்.

வியாபாரம் முடிந்தால் முடிந்ததுதான், லீக் அலுவலகம் முத்திரையும் போட்டுவிட்டது. உறுத்தல் வேண்டாம். ஹாப்பர் தங்கமான பையன். காலையில் ஐந்து முட்டை சாப்பிடுவான், கணக்குப் பார்க்காதே. அவனை அனுப்பும்போது எனக்கு அழுகை வந்தது, அவனுக்கும் வந்தது.

நோவாக் எதற்கு என்று ஊரே கேட்கிறது. மட்டைக்குப் பின்னால் குந்த ஆள் வேண்டாமா என்று பதில் சொல்லிவிட்டேன்.

உன்னிடம் மறைப்பானேன், எனக்குப் பயமாக இருக்கிறது. டிக்கெட் ஜன்னலில் உட்காரும் எட்னா தினமும் சாயங்காலம் என் மேஜையில் ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போகிறாள். நேற்று மூவாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. முந்தாநாளும் அதே எண். அவள் ஒன்றும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. பனி மூடிய மைதானத்தை ஜன்னல் வழியாகப் பார்த்தால் அப்பா மேல் கோபம் வருகிறது, உன் மேலும் வருகிறது.

அடுத்த வாரம் கொஞ்சம் வெயில் உள்ள ஊருக்குப் போய் வருகிறேன். உடம்புக்கு நல்லது.

அகஸ்டா

---

லூயிவில்
11 ஜனவரி 1989

அகஸ்டா,

முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது வானொலியில் கேட்டேன். கன்னத்தில் வெட்டு.

ரமிரோ வெர்காரா உன்னிடம் கையெழுத்துப் போட்டிருக்கிறான். மூன்று வருஷம், நாற்பத்தைந்து லட்சம். நான் கொடுத்ததைவிடப் பதினைந்து லட்சம் குறைவு! கடைசி இடத்தில் கிடக்கிற அணிக்கு! இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், பணத்தைக் குறைத்துக்கொண்டு போன பிட்சரை நான் கண்டதில்லை. என்ன மாயம் செய்தாய்? வேறு ஏதாவது ரகசியமாகக் கொடுத்தாயா? கொடுத்திருந்தால் நான் லீக்கில் புகார் செய்வேன். தங்கை என்று பார்க்க மாட்டேன்.

கான்ராட் ஃபெல்ட்மைர்
தலைவர், லூயிவில் கேப்டன்ஸ்

---

டேட்டன்
18 ஜனவரி 1989

மாண்புமிகு தலைவர் அண்ணா அவர்களுக்கு,

புகார் தாராளமாகச் செய். ஒப்பந்தத்தின் நகல் லீக்கிலேயே இருக்கிறது. நான் ரகசியமாகக் கொடுத்தது ஒன்றுமில்லை. நீ பகிரங்கமாகக் கொடுத்ததைத்தான் கொண்டுபோய்க் காட்டினேன்.

போன கோடையில் உன் மைதானத்துக்கு மூன்று தடவை வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? நீ விருந்தாளிகளோடு மாடியில் இருந்தாய். நான் கீழே கேட்சருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன். எந்தப் பந்து எறிவது என்று கேட்சர் விரலால் சைகை காட்டுவான், பிடிக்காவிட்டால் பிட்சர் தலையாட்டி மறுப்பான். நோவாக்குக்கு விரல் வீங்கியிருந்த நாளில் வேறொரு பையன் குந்தினான். வெர்காரா நாற்பத்தொரு தடவை மாட்டேன் என்று தலையாட்டினான், எறிந்ததெல்லாம் அடி வாங்கி ஐந்தாவது இன்னிங்ஸிலேயே வெளியே போனான். மற்ற இரண்டு நாளும் குந்தியது நோவாக். வெர்காரா ஒரு தடவைகூடத் தலையாட்டவில்லை. உன் மேனேஜர் நோவாக் கிழவனை வெர்காரா எறியும் நாட்களில் மட்டும் ஏன் இறக்கினார் என்று நினைத்தாய்? நீ மட்டையைப் பார்த்தாய். நான் தலையைப் பார்த்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் நோவாக்கையும் கூட்டிக்கொண்டு போர்ட்டோ ரிக்கோ போனேன். பொன்ஸே ஊரில் வெர்காராவின் வீட்டு வாசலில் நாங்கள் நின்றதும் அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

"யோவ் கிழவா, நீ எங்கய்யா இங்க?"

"நான் இப்ப இந்தம்மா ஆளுப்பா. உங்க மொதலாளி என்னைக் கைதொடைக்கிற காகிதத்துல எழுதிக் குடுத்துட்டாரு."

வெர்காரா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் மனைவி நிலிடா வைத்த காப்பி ஆறிப்போனது. "என்கிட்ட யாருமே சொல்லலியே" என்றான் கடைசியில். அண்ணா, ஆறு வருஷம் கேப்டன்ஸுக்குப் பந்து எறிந்தவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பதினைந்து லட்சம் அங்கேதான் போயிற்று.

என் தொகையை மறைக்காமல் சொன்னேன். இதற்கு மேல் ஒரு டாலர்கூட என்னிடம் இல்லை என்றும் சொன்னேன். அவன் உள்ளே போய் நிலிடாவோடு பேசினான், பிறகு நியூயார்க்கில் இருக்கும் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டான். ஏஜென்ட் கத்தியது வாசல் வரை கேட்டது. வெர்காரா நிதானமாகச் சொன்னான்: "கம்மிதான் சார், எனக்கும் எண்ணத் தெரியும். அங்க பந்தை யாரு பிடிப்பா, நீங்களா?"

அப்புறம் என்னிடம் வந்தான். தன்னைக் கைமாற்றக் கூடாது என்று கேட்பான், எல்லோரும் அதைத்தானே கேட்கிறார்கள் என்று நான் தயாராக இருந்தேன். அவன் கேட்டது வேறு.

"என்னைப் பத்திக் கவலை இல்லம்மா. நான் இங்க எறியிற வரைக்கும் இவரை யாருக்கும் குடுக்கக் கூடாது. அதை மட்டும் எழுதிக் குடுங்க."

நோவாக் மூக்கைச் சிந்திக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். நான் எழுதிக் கொடுத்தேன். நல்ல தாளில்.

இங்கே ஊர் பைத்தியமாகிவிட்டது. செய்தி வந்த காலையில் பனி கொட்டுகிறது, டிக்கெட் ஜன்னலிலிருந்து தீயணைப்பு நிலையம் வரை வரிசை. இரவு ஷிப்ட் முடித்த தொழிலாளிகள் சாப்பாட்டு டப்பாவோடு நிற்கிறார்கள். எட்னா சொல்கிறாள், "எல்லாரும் ஒண்ணுதாம்மா கேக்குறாங்க. வெர்காரா எறிஞ்சா நோவாக்தானே பிடிப்பாருன்னு." பார்த்தாயா? டேட்டனில் உருக்குப் பட்டறைக்காரனுக்கும் தெரிந்திருக்கிறது. உனக்குத்தான் தெரியவில்லை.

நேற்றைய எண் ஐயாயிரத்து எழுநூறு. இன்னும் இரண்டாயிரத்து முந்நூறு வேண்டும், ஆறு வாரம் இருக்கிறது. பெரிய பேர் கேட்டு வருகிற கூட்டம் சீக்கிரம் வற்றிவிடும் என்கிறாள் எட்னா. வற்றட்டும், நான் வீடு வீடாகப் போகிறேன்.

கன்னத்து வெட்டுக்கு மருந்து போடு.

அகஸ்டா

---

லூயிவில்
23 பிப்ரவரி 1989

அன்புள்ள அகஸ்டா,

ஒரு மாதமாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கோபம் வந்தது, அப்புறம் வேறு ஏதோ வந்தது.

மேனேஜரைக் கூப்பிட்டு, நோவாக் விஷயத்தை ஏன் முன்பே சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். "நீங்க கேக்கலியே சார்" என்றார். அவ்வளவுதான். வீட்டில் அண்ணியும் அதையே சொல்கிறாள். யானைக்கும் அடி சறுக்கும் என்று நான் ஆரம்பித்தபோது, யானைக்குக் கண் தெரிந்தால் சறுக்காது என்றாள்.

வக்கீல் ஆபீசில் அப்படிச் சொன்னது நான்தான். ஞாபகம் இல்லை என்று எழுதியது பொய். அப்பா எப்போதும் ஆட்டத்தைப் பார்க்க உன்னை மட்டும்தான் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார், என்னைக் கணக்கர்களோடு மாடியில் விட்டுவிடுவார். அந்த எரிச்சல்தான். ஐம்பத்தெட்டு வயதில் இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

வீடு வீடாகப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். இந்தக் குளிரில் வேண்டாம். என் ஆலைத் தொழிலாளிகள் பேரில் அறுநூறு சீசன் டிக்கெட்டுக்குக் காசோலை இணைத்திருக்கிறேன். என்ன குறைகிறதோ அதற்கு எடுத்துக்கொள். யாருக்கும் தெரிய வேண்டாம்.

அண்ணன்,
கான்ராட்

---

டேட்டன்
2 மார்ச் 1989

என் அண்ணாவுக்கு,

உன் கடிதம் இருபத்தேழாம் தேதியே வந்துவிட்டது. உறையைத் தொட்டதும் காசோலையின் விறைப்பு விரலில் பட்டது. உள்ளே உதவி இருக்கும் என்று தெரிந்துவிட்டது. அன்றைய எண் ஏழாயிரத்து எண்ணூற்று முப்பது. பிரித்தால் கை நீண்டுவிடும் என்று பயந்து இழுப்பறையில் போட்டுப் பூட்டிச் சாவியை எட்னாவிடம் கொடுத்தேன்.

கடைசி இரண்டு நாள் நோவாக்கும் என்னோடு வந்தார், முட்டி வலியோடு மாடிப்படி மாடிப்படியாக. வெர்காரா விமானம் பிடித்து வந்து டிக்கெட் ஜன்னலுக்குள்ளேயே உட்கார்ந்து கிழித்துக் கொடுத்தான். நேற்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜன்னலை மூடினோம். எட்னா சீட்டை என் மேஜையில் வைக்கவில்லை. நின்றுகொண்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சத்தமாக வாசித்தாள். எட்டாயிரத்து இருநூற்று அறுபத்து நான்கு. ஜெயித்துவிட்டேன் அண்ணா! இன்று காலை நகரசபை பத்து வருஷக் குத்தகையில் கையெழுத்துப் போட்டது. நான் வராந்தாவில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன்.

அதற்குப் பிறகுதான் உன் கடிதத்தைப் பிரித்தேன். காசோலையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கோபத்தால் அல்ல. நீ அனுப்பினாய், எனக்கு வேண்டியிருக்கவில்லை, இரண்டுமே எனக்குச் சந்தோஷம். கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். அப்பா பக்கத்தில் உட்கார உனக்கு ஆசை என்று அந்த வயதில் எனக்குத் தெரிந்திருந்தால் நகர்ந்து இடம் விட்டிருப்பேன். சத்தியமாக.

ஏப்ரல் மூன்றாம் தேதி முதல் ஆட்டம், இங்கே, உன் கேப்டன்ஸோடு. மாடியில் உனக்கு இடம் போடவில்லை. கீழே கேட்சருக்கு நேர் பின்னால் வா, என் பக்கத்தில். அன்றைக்கு வெர்காரா எறிகிறான், நோவாக் பிடிக்கிறார், அதனால் நீ தோற்பாய். தோற்கும்போது பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். நூற்று நான்கு தடவை எனக்கு யாரும் இல்லை.

உன் தங்கை,
அகஸ்டா