மாடித் திருப்பத்தில் சாவி

ஜனவரி 12
இவர் இன்றும் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று சட்டைப் பையைத் துழாவினார். சாவி தேடுகிறாராம். சாவி என் கையில் ஆடிக்கொண்டிருந்தது. "நல்லாத் தேடுங்க, பேண்ட் பையிலயும் பாருங்க" என்றேன். மூச்சு வாங்குகிறது என்று ஒப்புக்கொண்டால் கௌரவம் என்னாவது?

ஜனவரி 19
தொழிலாளர் கோர்ட்டில் வாய்தா. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில் மூட்டை பிரித்துக் கொட்டியவர் இவர். நெஞ்சு கெட்டதற்குக் காரணம் சிகரெட் என்கிறார் கம்பெனி வக்கீல். அந்தச் சிகரெட்டில் பாதியை நான் பிடுங்கிக் குப்பையில் போட்டிருக்கிறேன். அதைச் சொல்ல என்னைக் கூப்பிடவில்லை. எங்கள் வக்கீல் பயந்த சுபாவம். "தூசிதான்னு மருத்துவ ஆதாரம் வேணும்மா" என்று நகத்தைக் கடித்தார்.

பிப்ரவரி 3
ஆதாரம் கிடைத்துவிடும் போலிருக்கிறது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருவர் ஆலை ஆட்களை எக்ஸ்ரே எடுத்து ஆராய்ச்சி செய்கிறார். இந்த ஊரில் இதுவரை யாரும் செய்யாததாம். ஒப்பிட்டுப் பார்க்க, ஆலைக்குள் கால் வைக்காதவர்களும் வேண்டுமாம். நான் பேர் கொடுத்தேன். "இவ சத்தம் போட்டா அடுத்த தெருவுக்குக் கேக்கும் டாக்டர், இவ நெஞ்சுக்கு என்ன குறை" என்று இவர் சிபாரிசு செய்தார்.

பிப்ரவரி 4
மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். கல்யாணமானதிலிருந்து அதைத்தானே செய்கிறேன்.

பிப்ரவரி 20
டாக்டரம்மா கூப்பிட்டிருந்தார். வெளிச்சத்தில் இரண்டு படங்கள். ஒன்று இவருடையது, ஒன்று என்னுடையது. இரண்டிலும் அதே வெள்ளைத் திட்டு.
"ஆலையில வேலை பாத்திருக்கீங்களா?"
"வாசலைக்கூட மிதிச்சதில்ல."
"சிகரெட்?"
"பிடுங்கிப் போட்டிருக்கேன்."
அவர் சிரிக்கவில்லை. "உங்க வீட்டுக்காரரோட ஆலைத் துணியை யாரு துவைச்சா?"
வேறு யார்? தினம் சாயங்காலம் பால்கனியில் நின்று நாலு உதறு உதறுவேன், வெள்ளையாகப் பறக்கும், அப்புறம்தான் வாளியில் — சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டேன்.
பயமா இருக்கு. இவர்கிட்ட எப்படிச் சொல்றது?

பிப்ரவரி 21
சொன்னேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்த் தன் சட்டையைத் தானே துவைத்தார். இவர் வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. அதில் இனி என்ன தூசி? காலர் அழுக்கு போகவேயில்லை. நான் குறை சொல்லவில்லை. எனக்கே ஆச்சரியம்.

ஏப்ரல் 9
டாக்டரம்மா கோர்ட்டில் என் படத்தையும் காட்டினார். கம்பெனி வக்கீல் என்னைப் பார்த்து, "நீங்க புகை பிடிப்பீங்களா?" என்றார். "எங்க வீட்டுல அந்த இலாகா அவரோடது" என்றேன். நீதிபதி குனிந்து சிரித்தார். வக்கீல் அதற்குமேல் கேட்கவில்லை.

ஜூன் 2
தீர்ப்பு வந்துவிட்டது. தூசிதான் காரணம். இவருக்கு மாதாமாதம் நஷ்டஈடு. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.
எனக்குக் கிடையாது. சட்டப்படி நான் தொழிலாளி இல்லையாம். அத்தனை துணியும் துவைத்தது வேலை இல்லாமல் வேறென்ன, பொழுதுபோக்கா? எங்கள் வக்கீல் மேஜையைத் தட்டி, "உங்களுக்கும் கேஸ் போடுறோம்மா" என்றார். நகத்தைக் கடிக்க மறந்துவிட்டார்.

ஜூன் 15
கடைக்குப் போய் வந்தோம். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று என் கைப்பையைத் துழாவினேன். பின்னால் வந்தவர் பக்கத்தில் வந்து நின்றார். சாவி இவர் கையில் இருந்தது. சத்தம் வராமல் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.
"அவசரமில்ல, நிதானமாத் தேடு" என்றார்.